உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு: மரபணு பற்றிக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

உலக அளவில் ஏறத்தாழ 700 பிரசவங்களில் ஒரு குழந்தை உதட்டிலோ மேல்வாயிலோ (அண்ணத்திலோ) பிளவோடு பிறக்கிறது. பிறந்த அன்றே வீட்டில் இரண்டு கேள்விகள் எழும்: இது எதனால், இது யார் பக்கத்திலிருந்து. இரண்டாவது கேள்வி பெரும்பாலும் தாயைத்தான் குத்துகிறது. கீழே உள்ள பதில்கள் முதல் கேள்விக்கானவை. அவற்றைப் படித்தால் இரண்டாவது கேள்விக்கு ஏன் இடமே இல்லை என்பதும் புரியும்.

உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் ஒரே குறைதானா?

இல்லை, இரண்டும் வெவ்வேறு காலத்தில் நடக்கும் வெவ்வேறு வேலைகள். கருவின் முகம் தனித்தனி மேடுகளாக வளர்ந்து, பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கரு உருவான 4ஆம் வாரத்திலிருந்து 7ஆம் வாரத்துக்குள் மூக்குப் பக்கத்து மேடும் மேல்தாடை மேடும் சேர்ந்து மேலுதடு அமைகிறது. சேராமல் நின்றால் உதட்டுப் பிளவு. அண்ணம் அதற்குப் பிறகு உருவாகிறது. நாக்கின் இருபுறமும் தொங்கிக்கொண்டிருக்கும் இரண்டு தட்டுகள், நாக்கு கீழே இறங்கியதும் மேலெழுந்து படுக்கைவாக்கில் திரும்பி, நடுக்கோட்டில் ஒட்டும். 12ஆம் வாரத்துக்குள் அது முடிந்துவிடும். தட்டு எழும்பத் தாமதமானாலும், தாடை சிறுத்து நாக்கு இறங்க இடமில்லாமல் போனாலும் அண்ணம் திறந்தே நிற்கும்.

மரபியலும் இந்தக் கணக்கிலேயே பிரிகிறது. உதட்டுப் பிளவு ஒரு கூட்டம். அதனுடன் அண்ணமும் பிளந்திருந்தாலும் அதே கூட்டம்தான். அண்ணம் மட்டும் பிளந்திருப்பது வேறு கூட்டம். முதல் வகை ஆண் குழந்தைகளிடம் ஏறக்குறைய இரு மடங்கு அதிகம். வலப்பக்கத்தைவிட இடப்பக்கத்தில் அதிகம். அண்ணப் பிளவு மட்டும் இருப்பது பெண் குழந்தைகளிடம் சற்று அதிகம். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு உதட்டிலும் இன்னொருவருக்கு அண்ணத்தில் மட்டும் பிளவு இருந்தால் அதைக் குறித்து வையுங்கள். சாதாரணமாக அப்படிக் கலந்து வராது. ஏன் முக்கியம் என்பது கீழே வருகிறது.

எங்கள் இரு வீட்டிலும் யாருக்கும் இல்லையே. பிறகு எப்படி மரபணு என்கிறார்கள்?

வயலின் வரப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பல வாய்க்கால்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் வருகிறது. எந்த ஒரு வாய்க்காலும் தனியாக வரப்பை உடைக்காது. எல்லாம் ஒரே நாளில் சேர்ந்தால்தான் நீர் வரப்பைத் தாண்டும். உதட்டுப் பிளவோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 70% பேருக்கு வேறு எந்தக் குறையும் இருக்காது. அவர்களிடம் நடப்பது இதுதான். தாயிடமிருந்து சில சிறு மாற்றங்கள், தந்தையிடமிருந்து சில, கர்ப்பச் சூழலிலிருந்து கொஞ்சம். தாயும் தந்தையும் தத்தம் வரப்புக்குள் இருப்பதால் அவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியாது.

மரபணுவின் பங்கு பெரியது என்பதற்குத் தெளிவான சான்று இரட்டையர்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்குப் பிளவு இருந்தால், மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு 40 முதல் 60%. தனித்தனிக் கருக்களாக வந்த இரட்டையரில் அது 3 முதல் 5% மட்டும். ஆனால் முதல் எண் 100 ஆகவில்லை என்பதையும் பாருங்கள். மரபணு முழுக்க ஒன்றாக இருந்தும் பாதிப் பேர் தப்பிக்கிறார்கள். அந்த மீதி சூழலும் தற்செயலும்.

எந்த மரபணு?

அதிகம் ஆராயப்பட்டது 1ஆம் குரோமோசோமில் உள்ள ஐஆர்எஃப்6. இதில் பெரிய சேதம் ஏற்பட்டால் வான் டெர் வூட் நோய்க்கூட்டு (பிளவும் கீழுதட்டுக் குழிகளும் குடும்பத்தில் வரும் நிலை; ஒரே காரணத்தால் பல அறிகுறிகள் சேர்ந்து வருவதே நோய்க்கூட்டு) வரும் என்பது 2002இல் கண்டறியப்பட்டது. அதே மரபணுவின் அருகே உள்ள சிறு மாற்றங்கள் சாதாரணப் பிளவுக்கும் கொஞ்சம் வழி விடுகின்றன என்பது 2004இல் தெரிந்தது. 8ஆம் குரோமோசோமின் 8க்யூ24 பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரிடம் வலுவாகத் தென்பட்டது. 20ஆம் குரோமோசோமில் எம்ஏஎஃப்பி மரபணுப் பகுதியும், 1ஆம் குரோமோசோமின் 1பி22 பகுதியும் ஆசியக் குடும்பங்களில் வலுவாக வெளிப்பட்டன. இதுபோன்ற இடங்கள் இன்னும் பல உண்டு.

இவற்றை இரத்தத்தில் பார்த்து என்ன பயன் என்றால், உங்கள் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை. இந்தச் சிறு மாற்றங்கள் பிளவே இல்லாத கோடிக்கணக்கானவர்களிடமும் இருக்கின்றன. "பிளவு அபாய மரபணு" என்று இவற்றைப் பட்டியலிட்டுத் தரும் சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்றே சொல்வோம்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

குழந்தைக்கு வேறு குறை இல்லை, குடும்பத்தில் வேறு யாருக்கும் பிளவு இல்லை என்றால் அடுத்த குழந்தைக்கு 3 முதல் 5%. அதாவது 100 பிரசவங்களில் 95க்கு மேல் பிளவில்லாத குழந்தை. அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் 2 முதல் 3%. பெற்றோரில் ஒருவருக்கு இருந்து, குழந்தை இன்னும் பிறக்கவில்லை என்றாலும் ஏறத்தாழ இதே அளவுதான். ஏற்கெனவே இரண்டு குழந்தைகளுக்கு இருந்தால் அடுத்ததற்கு 10% அருகில். பெற்றோரில் ஒருவருக்கும் ஒரு குழந்தைக்கும் இருந்தால் 10 முதல் 17%.

முதல் குழந்தையின் பிளவு எவ்வளவு பெரியது என்பதும் கணக்கை மாற்றும். ஒரு பக்கத்து உதடு மட்டும் என்றால் 3%க்குக் கீழே. இரு பக்கமும் உதடு, அண்ணம் எல்லாம் பிளந்திருந்தால் 5%க்கு மேல். பிளவு பெரிது என்றால் அந்தக் குடும்பத்தில் வரப்பைத் தாண்டிய நீர் அதிகம். அதே காரணத்தால், உதட்டுப் பிளவு குறைவாக வரும் பெண் குழந்தைக்கு அது வந்திருந்தால், அடுத்த பிள்ளைக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

இந்த எண்களைச் சொல்வதற்கு முன் ஒரு நிபந்தனை: இவை ஒற்றை மரபணுக் காரணம் இல்லை என்று உறுதி செய்த குடும்பங்களுக்கு மட்டும். அந்த உறுதியைச் செய்யாமல் "4% தான், பயப்படாதீர்கள்" என்று அனுப்பிவிடுவதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கும் தவறு. அப்படி அனுப்பப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையான எண் 50%.

அந்த 50% குடும்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒரு டார்ச் விளக்கு, கொஞ்சம் பஞ்சு, நல்ல வெளிச்சம். இரத்தப் பரிசோதனை இதற்குப் பிறகு. பார்க்க வேண்டியது குழந்தையை மட்டும் இல்லை. தாய், தந்தை, உடன்பிறந்தவர்கள், முடிந்தால் இரு பக்கத்துத் தாத்தா பாட்டி எல்லோரையும்.

கீழுதட்டிலிருந்து தொடங்குங்கள். உதட்டை இரு விரலால் மெதுவாக வெளியே மடித்துப் பிடித்து, சிவந்த பகுதியின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் பாருங்கள். குண்டூசித் தலை அளவு குழியோ, சிறு மேடோ, மேட்டின் உச்சியில் துளையோ இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் இருப்பதும் உண்டு. சந்தேகம் என்றால் பஞ்சால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். அந்தக் குழியில் எச்சில் முத்துப்போல் மீண்டும் ஊறி நின்றால் அது உதட்டுக் குழி. "சின்ன வயசிலிருந்து அங்கே ஈரமாவே இருக்கும், மச்சம்னு விட்டுட்டோம்" என்று தாத்தா சொல்வார். அந்த ஒரு வரி முழுக் கதையையும் மாற்றிவிடும். வான் டெர் வூட் நோய்க்கூட்டின் அடையாளம் அது. எல்லாப் பிளவுகளிலும் ஏறத்தாழ 2% இதனால் வருபவை.

இந்த நோய்க்கூட்டின் குணம், ஒரே மரபணுக் கோளாறு ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு முகம் காட்டுவது. தாத்தாவுக்கு உதட்டுக் குழி மட்டும், தந்தைக்கு அண்ணப் பிளவு மட்டும், குழந்தைக்கு இருபக்க உதட்டுப் பிளவு. மேலே குறித்து வைக்கச் சொன்ன கலப்பு இதுதான். பாதிக்கப்பட்டவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தக் கோளாறு போகும் வாய்ப்பு 50%. போன பிறகு அது குழியாக நிற்குமா பிளவாக வருமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அடுத்து உள்நாக்கு. வாயை அகலத் திறந்து "ஆ" சொல்லச் சொல்லி டார்ச் அடியுங்கள். உள்நாக்கு நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கிறதா? மென்அண்ணத்தின் நடுவில் நீலம் பாய்ந்த மெல்லிய கோடு தெரிகிறதா? கையைச் சோப்பால் கழுவி, கடின அண்ணத்தின் பின்விளிம்பைச் சுண்டுவிரலால் மருத்துவர் தொட்டுப் பார்த்தால் பள்ளம் தட்டுப்படுகிறதா? மூன்றும் இருந்தால் தோலுக்கடியில் மறைந்த அண்ணப் பிளவு. மேலே தோல் மூடியிருக்கும், உள்ளே தசை சேர்ந்திருக்காது. மூக்கால் பேசும் உறவினர் யாராவது இருந்தால் அவரை இப்படிப் பார்க்காமல் விடக் கூடாது. இதைக் கவனிக்காமல் மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையை எடுத்துவிட்டால், அதுவரை ஓரளவு தெளிவாக இருந்த பேச்சு முழுக்க மூக்கு வழியாகப் போய்விடும். அந்தச் சதைதான் இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்திருக்கும்.

பற்களையும் எண்ணுங்கள். பிளவு இல்லாத இடத்தில் நிரந்தரப் பற்கள் முளைக்கவே இல்லை என்றால் எம்எஸ்எக்ஸ்1 போன்ற மரபணுக்கள் நினைவுக்கு வர வேண்டும். ஆண்களுக்கு அண்ணப் பிளவும், பிளவில்லாத சிலருக்கு நாக்கு அடியில் ஒட்டியிருப்பதும் தாய்வழியில் வந்திருந்தால் எக்ஸ் குரோமோசோமில் உள்ள டிபிஎக்ஸ்22 மரபணுவை நினைக்க வேண்டும். குடும்பத்தில் இளவயதில் இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள் உண்டா என்றும் கேளுங்கள். சிடிஎச்1 என்ற மரபணுவின் கோளாறு பிளவு, இந்தப் புற்றுநோய் இரண்டையும் கொண்டுவரக்கூடும். அங்கே பிளவைவிட அந்தப் புற்றுநோயை முன்கூட்டிப் பிடிப்பது பெரிய காரியம்.

அண்ணம் மட்டும்தான் பிளந்திருக்கிறது. வெளியே முகம் அழகாக இருக்கிறது. கவலை குறைவுதானே?

முகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் அண்ணப் பிளவு மட்டும் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வேறு குறையோ நோய்க்கூட்டோ கூடவே இருக்கும். எனவே இங்கேதான் தேடல் அதிகம் வேண்டும்.

முதலாவது 22க்யூ11.2 நீக்கம்: 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு காணாமல் போயிருப்பது. இதயக் குறை, இரத்தத்தில் கால்சியம் குறைந்து வரும் வலிப்பு, அடிக்கடி தொற்று, தாமதமான பேச்சு இவற்றில் எதுவும் சேர்ந்திருந்தால் சந்தேகிக்க வேண்டும். இந்தத் துண்டு மிகச் சிறியது, சாதாரணக் குரோமோசோம் பரிசோதனையில் பெரும்பாலும் தெரியாது. "குரோமோசோம் நார்மல்" என்ற தாளைக் காட்டி நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. இவ்வளவு சிறிய இழப்பையும் காட்டும் ஃபிஷ், எம்எல்பிஏ, மைக்ரோஅரே என்ற சோதனைகளில் ஒன்றைத்தான் கேட்க வேண்டும். அறுவைக்கு முன் இது தெரிந்தால் கால்சியம் சரிபார்க்கலாம், இதய எக்கோ எடுக்கலாம், எதிர்ப்புச் சக்தி குறைவென்றால் கதிரூட்டிய இரத்தம் (அதிலுள்ள வெள்ளணுக்கள் குழந்தையைத் தாக்காதபடி கதிர்வீச்சு காட்டியது) ஏற்பாடு செய்யலாம். ஏறத்தாழ 90% பேரிடம் இது புதிதாக ஏற்பட்டது. ஆயினும் பெற்றோர் இருவரையும் சோதித்துவிட வேண்டும். ஒருவரிடம் இருந்தால் அடுத்த குழந்தைக்கு 50%.

இரண்டாவது ஸ்டிக்லர் நோய்க்கூட்டு. சிறிய கீழ்த்தாடை, பின்னால் விழும் நாக்கு, யு வடிவ அண்ணப் பிளவு மூன்றும் சேர்ந்து பிறந்தால் அதைப் பியர் ராபின் தொடர் என்பார்கள். அத்தகைய குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு அடியில் ஸ்டிக்லர் இருக்கும். கடுமையான கிட்டப்பார்வை, பிற்காலத்தில் விழித்திரை பிரிவது இதன் ஆபத்து. அதனால் பியர் ராபின் என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு குழந்தையும் முதல் வயதுக்குள் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்பாவுக்குச் சிறு வயதிலேயே கனமான கண்ணாடி, மூட்டு வலி, காது மந்தம் என்றால் அதையும் சொல்லுங்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா?

பல மரபணுக்கள் சேர்ந்து வரும் சாதாரணப் பிளவில் சொந்தத் திருமணத்தின் பங்கு சிறியது. ஆய்வுகளும் ஒரே பக்கம் சாயவில்லை. இரு பெற்றோரிடமும் ஒரே பிழை இருந்தால் மட்டும் வரும் ஒடுங்கு நோய்களில்தான் அதன் பாதிப்பு தெளிவு. மாமன் மகள், அத்தை மகன் என்றால் இருவரும் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் நான்கில் ஒரு பங்கு. எந்தத் தம்பதிக்கும் பெரிய பிறவிக் குறையோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு 2 முதல் 3%. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் அதோடு ஏறத்தாழ இன்னும் 2 முதல் 3% கூடும். தாய்மாமன் திருமணத்தில் அதற்கும் மேல்.

எனவே சொந்தத்தில் மணந்தவர்களின் குழந்தைக்குப் பிளவு மட்டும் இருந்தால் மேலே சொன்ன எண்களே ஏறத்தாழ பொருந்தும். பிளவோடு வளர்ச்சிக் குறைவு, கை கால் மாற்றம், சிறுநீரகம், இதயம் என்று இன்னொன்றும் இருந்தால் ஒடுங்கு நோயைத் தேட வேண்டும். அங்கே அடுத்த குழந்தைக்கான எண் 25%.

கிரகணத்தன்று வெளியே வந்ததால் உதடு பிளந்தது என்கிறார்களே?

இந்தக் குழந்தைகளைக் "கிரகண மூளி" என்று அழைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தச் சொல்லையே விட்டுவிட வேண்டும். கிரகணத்தின்போது கத்தி பிடித்தாள், காய் நறுக்கினாள் என்று தாயைக் குற்றம் சாட்டுபவர்களிடம் தேதியைக் கேளுங்கள். உதடு ஒட்டும் வேலை 7ஆம் வாரத்தில் முடிந்துவிடும். ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ வந்த கிரகணத்தால் ஏற்கெனவே ஒட்டிய உதடு பிரியாது. கிரகண நாளில் கர்ப்பமாக இருந்த எத்தனையோ பெண்கள் நல்லபடியாகப் பெற்றிருக்கிறார்கள். கிரகணமே வராத மாதங்களிலும் பிளவோடு குழந்தைகள் பிறக்கிறார்கள்.

மருந்து, புகை, சர்க்கரை இவற்றின் பங்கு?

வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன், டோபிராமேட் ஆகியவை அபாயத்தைக் கூட்டும். டோபிராமேட் ஒற்றைத் தலைவலிக்கும் எழுதப்படுவதால் பலர் அதை வலிப்பு மருந்தாக எண்ணுவதில்லை. வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவது தாய்க்கும் கருவுக்கும் பெரிய ஆபத்து. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். மூட்டுவாதத்துக்கும் தோல் நோய்க்கும் தரும் மெத்தோட்ரெக்சேட், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினோயின் இரண்டும் கர்ப்பத்தில் கூடவே கூடாது. ஐசோட்ரெடினோயினை நிறுத்தி ஒரு மாதமாவது கழிந்த பிறகே கருத்தரிக்க வேண்டும்.

தாய் புகைத்தால் அபாயம் ஏறத்தாழ 1.3 மடங்கு. நம் ஊரில் தாயைவிட வீட்டு ஆண்கள்தான் புகைப்பது அதிகம். அந்தப் புகையும் கணக்கில் சேரும். கர்ப்பத்துக்கு முன்பே உள்ள சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் அதுவும்.

ஃபோலிக் அமிலம் எவ்வளவு, எப்போது?

கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்து 12ஆம் வாரம் வரை தினம் 400 மைக்ரோகிராம். முதுகுத்தண்டுக் குறையைத் தடுப்பதில் இதன் பயன் உறுதியானது. பிளவைத் தடுப்பதில் ஆய்வுகள் கலவையாக உள்ளன. ஆனாலும் எடுக்க வேண்டும். கடையில் எளிதாகக் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை, அதாவது 12 மடங்குக்கு மேல். முதுகுத்தண்டுக் குறை இருந்த குடும்பம், வலிப்பு மருந்து எடுப்பவர்கள் போன்றோருக்கு அதை மருத்துவர் எழுதுவார். பிளவு இருந்த குடும்பம் என்பதற்காக மட்டும் நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

அடிக்கடி நடப்பது நேரப் பிழை. நாள் தள்ளிப்போய், பரிசோதித்து, பதிவு செய்து, மாத்திரை கைக்கு வரும்போது உதடு ஒட்டும் வாரங்கள் பாதிக்கு மேல் கடந்திருக்கும்.

மரபணுப் பரிசோதனை யாருக்கு, எது?

ஒரு பக்க உதட்டுப் பிளவு, மற்றபடி ஆரோக்கியம், குடும்பத்தில் யாரிடமும் மேலே சொன்ன அடையாளம் எதுவும் இல்லை என்றால் பரிசோதனை தேவையில்லை. அண்ணப் பிளவோடு இதயக் குறை என்றால் மைக்ரோஅரே. உதட்டுக் குழி என்றால் ஐஆர்எஃப்6, அதில் இல்லையென்றால் ஜிஆர்எச்எல்3 என்ற மரபணு. பல உறுப்புகளில் குறை, சொந்தத் திருமணம் என்றால் எக்சோம், அதாவது எல்லா மரபணுக்களின் புரதம் உருவாக்கும் பகுதிகளையும் ஒரேயடியாகப் படிக்கும் சோதனை. எக்சோம் எடுத்தால் குழந்தையோடு தாய், தந்தை இரத்தமும் சேர்த்து அனுப்புங்கள். மூவருடையதையும் ஒப்பிட்டால்தான் புதிய மாற்றம் எது, குடும்பத்தில் ஏற்கெனவே இருப்பது எது என்று பிரிக்க முடியும்.

டிஎன்ஏ சோதனைக்கு ஊதா மூடிக் குழாயில் 2 முதல் 4 மில்லி இரத்தம். சாதாரணக் குரோமோசோம் பரிசோதனைக்குப் பச்சை மூடிக் குழாய், ஏனென்றால் அதில் செல் உயிரோடு வளர வேண்டும். குழாய் மாறினால் குழந்தையை மீண்டும் குத்த வேண்டிவரும்.

அறிக்கையில் "பொருள் தெளிவில்லாத மாற்றம்" என்று வந்தால் அதை வைத்துக் கர்ப்பத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஐஆர்எஃப்6 சோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும், உதட்டுக் குழி கண்ணுக்குத் தெரிந்தால் 50% கணக்கு அப்படியே நிற்கும்.

அடுத்த கர்ப்பத்தில் எப்போது தெரியும்?

18 முதல் 22 வாரத்து அனாமலி ஸ்கேனில் உதடு நன்றாகத் தெரியும். முந்தைய குழந்தைக்குப் பிளவு இருந்தது என்று ஸ்கேன் அறையில் முதலிலேயே சொல்லுங்கள். முகத்தை முன்பக்கத்திலிருந்து தனியாகப் பார்ப்பார்கள். அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் ஸ்கேனில் தவறிப்போவது சகஜம், பார்த்தவரின் கவனக்குறைவு என்று எண்ண வேண்டாம். எலும்பின் நிழலும் நாக்கும் அதை மறைத்துவிடும். குடும்பத்தின் மரபணுப் பிழை ஏற்கெனவே தெரிந்திருந்தால் 11 முதல் 13 வாரத்தில் நச்சுக்கொடித் திசு மாதிரியிலோ, 16ஆம் வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலோ சோதிக்கலாம். ஆனால் மரபணுப் பிழை இருக்கிறதா என்பதற்குத்தான் அது பதில். பிளவு எவ்வளவு பெரிது என்பதற்கு ஸ்கேன்தான்.

அண்ணனுக்குப் பிளவு இருந்தது. தங்கைக்கு வரன் பார்க்கும்போது அதைச் சொல்லி மறுக்கிறார்கள். அவள் குழந்தைக்கு எவ்வளவு வாய்ப்பு?

உதட்டுக் குழி போன்ற அடையாளம் அவளிடம் இல்லை, அண்ணனுடையது சாதாரணப் பிளவு என்றால் 1%க்கும் கீழே. எந்தத் தம்பதிக்கும் உள்ள 2 முதல் 3% பிறவிக் குறை வாய்ப்போடு வைத்துப் பார்த்தால் இது மறுப்பதற்கான காரணமே இல்லை. அண்ணனின் சொந்தக் குழந்தைக்கே 3 முதல் 5% தான். கேட்பவர்களுக்கு இந்த எண்களை மருத்துவ மரபியல் ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கிக் காட்டலாம்.

ஆலோசனைக்குப் போகும்போது என்ன கொண்டு போவது?

இரு பக்கமும் மூன்று தலைமுறை வம்ச வரைபடம் ஒரு தாளில்: யார் யாருக்குப் பிளவு, உதட்டுக் குழி, மூக்குப் பேச்சு, முளைக்காத பல், கனமான கண்ணாடி, காது மந்தம், இதயக் குறை, குழந்தையாகவே இறந்தவர்கள், கலைந்த கர்ப்பங்கள், சொந்தத் திருமணங்கள். அறுவைக்கு முன் எடுத்த குழந்தையின் முகப் படம், வாய்க்குள் எடுத்த படம். உதடு தைத்த பிறகு முதல் பிளவின் வடிவம் யாருக்கும் தெரியாது, பழைய படம்தான் சாட்சி. தாத்தாவின் கீழுதட்டுப் படம், டார்ச் வெளிச்சத்தில், அருகிலிருந்து. தாய் முதல் மூன்று மாதம் எடுத்த மாத்திரைச் சீட்டுகள்.

உள்ளூரில் மரபியல் மருத்துவர் இல்லையென்றால் அரசின் குழந்தை நலத் திட்டமான ஆர்பிஎஸ்கே வழியாகத் தொடங்கலாம். 2013இல் வந்த அத்திட்டத்தில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் பட்டியலில் உள்ளன. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பதிவு செய்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். உதட்டுக்கான அறுவை பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில் நடக்கும். அதற்குள் எடை ஏற வேண்டும்: குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையாலோ சங்காலோ கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நடுநடுவே ஏப்பம் எடுக்கவிட்டு, வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வாருங்கள். இரண்டு வாரம் எடை ஏறாமல் நின்றால் அறுவைத் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள்.